நரை வந்த பின் நரம்பு

மாலை ஐந்து மணியானால் நமது தெருவில் ஓர் ஓசை எழுகிறது. அது தறியோசையன்று. காஞ்சிபுரத்துக் காதுகள் தறியோசைக்குப் பழகியவை. அந்த ஓசை தனக்கென ஓர் ஒழுங்குடன் வரும், உறங்குகிறவனை எழுப்பாது, நின்றுவிட்டால்தான் எழுப்பும். நாம் சொல்லும் ஓசைக்கு அந்த ஒழுங்கு இல்லை. மூன்று சுரங்கள் வரும், நான்காவது வராது. ஒரு பெருமூச்சுக்கு ஆகும் நேரம் அமைதி நிலவும். பிறகு மறுபடியும் அதே மூன்று. ஒலிமுகமதுபேட்டைப் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரை இது நடைபெறும். பாங்கு தொடங்கியதும் நின்றுவிடும்.

வாசிப்பவர் நமது அண்டை வீட்டுக்காரர், நெடுநாளைய நண்பர், வயது அறுபத்தொன்று. ஐம்பது ஆண்டுகள் பட்டுத்தறியில் உட்கார்ந்து, கண் மங்கிய பிறகு இறங்கியவர். அவர் கையில் இருப்பது கித்தார். பேரன் ஆசைப்பட்டான் என்று வாங்கிய கருவி அது. பேரனோ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சுவரில் சாத்தி வைத்திருந்ததைக் கிழவர் ஒருநாள் எடுத்துத் துடைத்திருக்கிறார். துடைத்த கை சும்மா இருக்கவில்லை.

அவருடைய மகன் நம்மிடம் வந்தார். “பாய், நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள். இந்த வயதில் இது தேவையா?” என்று கேட்டார். நாம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “தேவையில்லைதான், நான் சொல்கிறேன்” என்று வாக்களித்தோம். மறுநாளே சொல்லியும் விட்டோம். “இனி இதில் என்ன வரப்போகிறது? விரல் வளையும் வயதா இது? கோயில், குளம், பேரப்பிள்ளைகள் என்று இருக்கலாமே” என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. “சரி பாய்” என்றார். அன்று மாலை தெரு அமைதியாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அந்த அமைதி நம்மை உறுத்தத் தொடங்கியது. ஏன் என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, விளங்கியபோது வெட்கமாக இருந்தது.

நமது தாயார் கீழக்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். அக்காலத்துப் பெண்மணிகள் பலரையும் போல அவர் அரபுத் தமிழ் அறிந்தவர். அரபு எழுத்தில் எழுதிய தமிழை மடமடவென்று வாசிப்பார்; கடிதமும் எழுதுவார். ஆனால் அதே தமிழைத் தமிழெழுத்தில் எழுதினால் அவருக்கு ஓரெழுத்தும் தெரியாது. அரசாங்கத்தின் கணக்கில் அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். இந்த அநியாயத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்; அது நிற்க. அறுபது வயதை நெருங்கிய காலத்தில் ஒருநாள் உம்மா நமது மகளின் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து, “வாப்பா, இந்த அ, ஆவை எனக்கும் சொல்லித் தாயேன். பஸ்ஸில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறலாம்” என்றார்கள். நாம் அலுவலகத்திலிருந்து களைத்து வந்திருந்தோம். “இனிமேல் படித்து நீங்கள் கலெக்டர் ஆகப் போகிறீர்களா உம்மா?” என்று சிரித்தோம். அவர்களும் சிரித்தார்கள். சிலேட்டைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள். பிறகு கேட்கவேயில்லை. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஏறினார்கள்.

நண்பரின் “சரி பாய்” நமக்கு உம்மாவின் சிரிப்பாகக் கேட்டது. ஆகவே இந்தக் கேள்வியை நாம் முதலிலிருந்தே எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. காலம் கடந்த பின் ஒன்றைக் கற்க முனைவது தகுமா? தகும் என்றால், எந்த நியாயத்தினால்?

நம்மவர்களுக்கு இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களின் தோழர்கள் முதிர்ந்த வயதில்தான் கற்றார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) தமது தொகுப்பின் கல்விப் பகுதியிலேயே குறித்திருக்கிறார்கள். கூஃபா நகரத்து இலக்கணப் பேரறிஞர் கிஸாயீ, பேச்சில் செய்த ஒரு பிழையைப் பிறர் சுட்டிக்காட்டியதால் நாணி, வயது சென்ற பிறகு இலக்கணம் கற்கப் புறப்பட்டார் என்பது வரலாறு. இவற்றிலெல்லாம் நமது நெஞ்சைத் தொடுவது கஃப்பால் அல்-மர்வஸீ அவர்களின் கதை. கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். முப்பது வயது வரை அவர் பூட்டுத் தொழிலாளி. விரல் நுனியில் நிற்கும் அளவுக்குச் சின்னஞ்சிறு பூட்டும் சாவியும் செய்யும் கைத்திறன் படைத்தவர். முப்பதுக்குப் பிறகுதான் பாடம் கேட்க உட்கார்ந்தார். ஹிஜ்ரி 417இல், அதாவது கி.பி. 1026இல், அவர் மறைந்தபோது குராசானில் ஷாஃபிஈ மத்ஹபின் தலைமை அறிஞராக விளங்கினார். அவரிடம் ஓதியவர் அபூ முஹம்மது அல்-ஜுவைனீ. அவருடைய மகனார் இமாமுல் ஹரமைன். அந்த இமாமுல் ஹரமைனிடம் ஓதியவரே கஸ்ஸாலி இமாம். பூட்டுக்காரர் ஒருவர், “இனி என்ன வரப்போகிறது” என்று பட்டறையிலேயே இருந்திருந்தால் இந்தச் சங்கிலியில் முதற் கண்ணியே இருந்திராது.

இப்படிச் சொல்லி முடித்துவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் இந்த விடையில் ஒரு குறை உண்டு. பிந்திக் கற்றுப் பெரியவராகியவர்களை மட்டுமே நாம் எடுத்துக்காட்டுகிறோம். வெற்றி வந்ததால் முயற்சி தகுந்ததாயிற்று என்றாகிறது. அப்படியானால் வெற்றி வராதவனுக்கு என்ன நியாயம்?

காஞ்சிபுரத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1889இல் பிறந்து 1934இல் மறைந்த சங்கீத வித்வான் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, தனகோடியம்மாள் சகோதரிகளின் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தும், இளமையில் மற்போர், காற்றாடி என்று திரிந்து, வாலிப வயதை எட்டிய பிறகே பாட்டில் முனைந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாள வாத்தியங்கள் புடைசூழ அவர் பல்லவி பாடிய கச்சேரிகளை ‘முழு பெஞ்சு’ கச்சேரிகள் என்றே மக்கள் அழைத்தார்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவருடைய சீடர். நமது சமுதாயத்திலிருந்தும் ஒருவரைச் சொல்லலாம். நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா 1924இல் ஆந்திர நாட்டுக் கரவடியில், வாழையடி வாழையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். வாசிக்கத் தெரிந்து, பெயரும் எடுத்த பிறகு, தஞ்சை பாணியின் மீது கொண்ட காதலால் நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் மறுபடியும் மாணவராக அமர்ந்தார். தெரிந்தவன் தெரியாதவனாக உட்காருவது, ஒன்றும் தெரியாதவன் உட்காருவதைக் காட்டிலும் கடினம். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது.

இவர்கள் இருவருமே நமது நண்பருக்கு ஆறுதலாக மாட்டார்கள். ஒருவர் வாலிபத்தில் தொடங்கியவர். மற்றவர் பிறந்தது முதல் குழலோடு வளர்ந்தவர். அறுபத்தொரு வயதில் முதன்முதலாகக் கித்தாரைத் தொட்டவர் மேடை ஏறப்போவதில்லை. விஞ்ஞானமும் இதில் இரக்கம் காட்டவில்லை. 1995இல் ஜெர்மனியில் நரம்புக் கருவி வாசிப்போரின் மூளையை ஆராய்ந்தார்கள். இடக்கை விரல்களுக்குரிய மூளைப் பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிட விரிந்திருந்தது. ஆனால் சிறுவயதில் தொடங்கியவர்களிடமே அந்த விரிவு மிகுதியாகக் காணப்பட்டது. இளமையில் கல் என்று ஔவையார் சொன்னதன் பொருள் அதுவே என்று நம்மில் ஒருவர் சொல்லக்கூடும். சொல்லட்டும், மறுப்பதற்கில்லை.

ஆக, கேள்வி இப்படித்தான் நிற்கிறது: எந்நாளும் நன்றாக வரப்போவதில்லை என்று அறிந்தே ஒன்றைக் கற்பது தகுமா?

கிரேக்கத்துச் சாக்ரடீசு தள்ளாத வயதில் யாழ் கற்கப் போனார். கோனஸ் என்பவரிடம் சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்தார். உடன் கற்ற பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்ததோடு நில்லாமல், ஆசிரியரையும் கிழவர்களின் வாத்தியார் என்று கேலி செய்தார்கள் என்று பிளேட்டோ ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். இதில் வியப்பு, சாக்ரடீசு தமக்கு நேர்ந்த சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை என்பதன்று. தம்மால் ஆசிரியருக்குக் கேலி வருகிறதே என்றுதான் அவர் வருந்தினார். யாழில் அவர் தேர்ந்தார் என்று யாரும் எழுதவில்லை. தேராமலேயே போயிருக்கலாம். ஆனாலும், தாம் இகழப்படுவதைப் பொறுத்துக்கொண்டு ஆசிரியரின் மானத்துக்காகக் கவலைப்பட்டாரே, அது யாழ் கற்கப் போனதனால் வந்த வாய்ப்பு அல்லவா?

நமது நண்பருக்குக் கற்றுத் தருபவன் இருபத்திரண்டு வயதுப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் வாசிப்பவன். நண்பர் அவனை ‘சார்’ என்று அழைக்கிறார். அவன் வரும்போது எழுந்து நிற்கிறார். அவனோ, “தாத்தா, உட்காருங்கள்” என்று கூச்சப்படுகிறான். ஒருநாள் அவன் சற்றுக் கடுமையாக, “நேற்றுச் சொன்னதைத்தானே இன்றும் தப்பாகச் செய்கிறீர்கள்” என்று சொன்னது நமது காதிலும் விழுந்தது. ஐம்பது ஆண்டுகள் தறியில் பிறருக்குக் கற்றுக் கொடுத்தவர், “ஆமாம் சார், மன்னிக்க வேண்டும்” என்றார். வீட்டில் அவர் மகனிடம் ஒரு முறையேனும் மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாரா என்பது ஐயம். நம்மையே கேட்டுக்கொண்டோம்: நாம் கடைசியாக எவரிடம் தவறினோம் என்று ஒப்புக்கொண்டோம்? வயது ஏற ஏற மனிதன் தான் தேர்ந்த இடத்திலேயே நின்றுகொள்கிறான். கணக்கெழுதியவன் கணக்கைப் பற்றியே பேசுகிறான். வியாபாரி விலையைப் பற்றியே பேசுகிறான். தோற்கக்கூடிய இடத்துக்குப் போவதேயில்லை. முதுமையில் பலரிடம் காணும் பிடிவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது நமது எண்ணம்.

இன்னொன்று இருக்கிறது, அதுவே நமக்குப் பெரிதாகப் படுகிறது. பிந்திக் கற்கிறார் என்கிறோம். ஏன் பிந்தியது?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடலை ஒரு நிறத்திலும் இரு கரைகளையும் வேறு நிறத்திலும் தனித்தனி ஊடையால் நெய்து, இழைக்கு இழை ஒன்றோடொன்று பிணைத்துச் செல்வது அது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்கிறவரின் இரு கைகள் போதா. ஆகவே தறியோரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவே இருந்தான். வறிய வீட்டுப் பிள்ளைகளைப் பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிறர் தறிக்கு அனுப்பினார்கள். பணம் தீரும் வரை பிள்ளை தறியில் இருப்பான். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம்கூடத் தன் குடும்பத்தாருடன் செய்யும் வேலைக்கு விலக்களித்தது. நமது நண்பர் ஒன்பதாம் வயதில் அப்படி அனுப்பப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஒருவர் ஆர்மோனியம் வைத்துக்கொண்டு சொல்லித் தந்ததையும், மூன்று பாட்டோடு அது நின்றுபோனதையும் அவர் நம்மிடம் சொன்னது இந்த ஆண்டுதான். முப்பது ஆண்டு நட்பில் நாம் கேட்டதில்லை.

அவருடைய சோம்பலால் பிந்தவில்லை. அவருடைய பொழுதைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிறரில் அவர் நெய்த சேலையை மணப்பெண்ணுக்கு உடுத்தி மகிழ்ந்த குடும்பங்கள் உண்டு; நமது வீடும் உண்டு. உம்மாவின் பொழுதை எடுத்துக்கொண்டவர்கள் நாம்தாம்: சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து முடித்த பிறகு அவர்கள் கேட்டது சிலேட்டுக்கான அரைமணி நேரம். ஒருவனிடம் வாங்கிய கடனைக் காலம் கடந்து அவன் கேட்க வந்தால், இவ்வளவு காலம் கழித்துக் கேட்கலாமா என்று எவரேனும் சொல்வோமா? 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்கப் பல்லாயிரம் பெண்கள் முன்வந்தார்கள். அவர்களில் நடுத்தர வயதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் சிலர் சிரித்தார்கள். அவர்கள் பந்தயத்தில் ஓட்டவா கற்றார்கள்? தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பக் கற்றார்கள்.

இதனால் கிழவர்கள் எது செய்தாலும் தகும் என்று நாம் சொல்ல வரவில்லை. நண்பர் கடன் வாங்கிக் கருவி வாங்கியிருந்தால், மனைவியின் மருந்துச் செலவைக் குறைத்து ஆசிரியருக்குக் கொடுத்திருந்தால், நாம் மகனின் பக்கமே நின்றிருப்போம். அப்படி ஒன்றும் இல்லை. அவருடைய மனைவியார் சொன்ன குறை ஒன்றே: அந்த நான்காவது சுரம் எப்போது வரும் என்று காத்திருந்து காத்திருந்து தமக்குத் தலைவலி வந்துவிடுகிறதாம். இது நியாயமான குறை. பேரனின் அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு வாசிப்பதென்று முடிவாகியிருக்கிறது.

இசைக்கருவியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதலாமா என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். கஸ்ஸாலி இமாம் இசை கேட்பதைப் பற்றி இஹ்யாவில் விரிவாக ஆராய்ந்து, பல இடங்களில் கதவைத் திறந்துவிட்டவர்கள். ஆயினும் நரம்புக் கருவிகளை, அவை மது அருந்துவோரின் கூட்டத்துக்கு உரியனவாக இருந்தமையால், விலக்கியே வைத்தார்கள். கொர்தோவாவின் இப்னு ஹஸ்மோ தடை கூறும் அறிவிப்புகள் வலுவற்றவை என்று வாதிட்டார். இந்த வழக்கைத் தீர்க்க நாம் யார்? தம் வீட்டுக்கு எது ஆகும் என்பதை அவரவர் மார்க்க அறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். நண்பர் நமது மார்க்கத்தவரும் அல்லர். நாம் பேசுவது கற்றலைப் பற்றியது. அவர் குறி சொல்லும் சாத்திரம் கற்கப் போயிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்போம்.

ஆயினும் கித்தாரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாக்தாதிலிருந்து புறப்பட்டு 822இல் கொர்தோவா வந்து சேர்ந்த இசைவாணர் ஸிர்யாப், ஊத் என்னும் நரம்புக் கருவியில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்று அந்தலூசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருடைய கருவியின் மேல் நரம்புகள் பட்டினால் ஆனவையாம். ஸ்பெயின் நாட்டில் பின்னாளில் வளர்ந்த கித்தாரிலும் பட்டு இருந்தது. மெல்லிய நரம்புகள் ஆட்டுக்குடல். தடித்த நரம்புகளோ பட்டிழைகளை உள்ளே வைத்து, அதன் மேல் வெள்ளிப் பூச்சிட்ட மெல்லிய கம்பியைச் சுற்றியவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அந்த இடத்தை நைலான் பிடித்தது. பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பி! அதற்குப் பொன் முலாமும் இட்டால் காஞ்சிபுரத்தில் அதன் பெயர் சரிகை.

இதைப் படித்த அன்று மாலையே நாம் நண்பரின் வீட்டுக்குப் போனோம். கித்தார் சுவரில் சாத்தியிருந்தது. நாம் முன்பு சொன்னது தவறு என்று முதலில் சொன்னோம். உம்மாவின் சிலேட்டைப் பற்றியும் சொன்னோம். நமது பிள்ளைகளுக்குக்கூட அதுவரை சொன்னதில்லை. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பட்டு நரம்பின் செய்தியைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “நிஜமாகவா பாய்?” என்று மூன்று முறை கேட்டார். அடுத்த மாலை ஐந்து மணிக்கு மூன்று சுரங்கள் கேட்டன.

சென்ற வாரம் கித்தாரின் ஆறாம் நரம்பு, எல்லாவற்றிலும் தடித்தது, அறுந்துவிட்டது. நண்பர் அதை எடுத்துக்கொண்டு நமது திண்ணைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலே சுற்றியிருந்த கம்பியை நகத்தால் மெல்லப் பிரித்தார். உள்ளேயிருந்து வெண்மையான மென்னிழைகள் பிரிந்து வந்தன. விரலால் நீவிப் பார்த்தார். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் பிடித்தார். பட்டாயிருந்தால் மயிர் கருகும் நாற்றம் வர வேண்டும். வரவில்லை, இழை உருகிச் சிறு மணியாகத் திரண்டது.

“பட்டில்லை பாய்” என்றார். “சுற்று மட்டும் நன்றாகச் சுற்றியிருக்கிறான்.”

நாளை நாம் சென்னைக்குப் போகிறோம். அதே தடிப்பில் வேறொன்று வாங்கி வரச் சொல்லி அந்தத் துண்டைக் கொடுத்திருக்கிறார். அது நமது சட்டைப் பையில் இருக்கிறது.